மண்டபம் கடற்கரைக்கு ஒரு வகுப்பை அழைத்துச் செல்லும் முறை

நாளைச் சரியாகத் தேர்வதிலேயே இப்பயணத்தின் பயன் தொடங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் அதிகமாக உள்வாங்கும் என்பதால், நீர் முழுமையாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாணவர்கள் கரையில் இருக்குமாறு திட்டமிடுங்கள். கரைக்கு அப்பாலுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்குவதால், வனத்துறை அனுமதியின்றி அங்கே செல்ல இயலாது. பள்ளிக் குழுவுக்குக் கரையே போதுமானது.

அடும்பங்கொடி படர்ந்த மேட்டு மணலிலிருந்து நீர்விளிம்பு வரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, 5 மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, அதனுள் காணும் செடி, நண்டு வளை, சிப்பி, கரையொதுங்கிய கடற்புல் ஆகியவற்றை எண்ணிக் குறிக்கச் சொல்லுங்கள். உப்பையும் வெயிலையும் தாங்கும் செடிகள் மேலேயும், ஈரத்தை நம்பி வாழும் உயிர்கள் கீழேயும் இருப்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறிய வேண்டும். ஆசிரியர் அதை முன்கூட்டிச் சொல்லிவிடுவது அவர்களுடைய மகிழ்ச்சியைப் பறிப்பதாகும். கடற்புல் கிடைத்தவுடன், அதை மேய்ந்தே வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவைப் பற்றிப் பேசலாம்.

எதையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. வெற்றுச் சங்கும் துறவி நண்டுக்கு வீடாகும். கடல் அட்டையோ சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். புரட்டிய கல்லை முன்பிருந்தபடியே வைக்கச் செய்யுங்கள்.

சொறிமீன் (ஜெல்லிமீன்) இறந்து கிடந்தாலும் கொட்டும் என்பதால் அனைவரும் காலணி அணிந்திருக்க வேண்டும். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, வலி நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.