சொந்தக்காரங்க வீடு, சிதைஞ்ச கோயில்: ரெண்டையும் ஒரே ட்ரிப்ல பாக்குறது எப்படி

ப்ளான் போட உக்காந்தா கோயில் லிஸ்ட்ட எடுக்காதீங்க, முதல்ல சொந்தக்காரங்க லிஸ்ட்ட எடுங்க. யார் யார் எந்த ஊர்ல இருக்காங்கன்னு எழுதிக்கிட்டு, அந்தந்த ஊர்லேர்ந்து ஒரு நாப்பது கிலோமீட்டருக்குள்ள என்ன பழைய கோயில் கிடக்குதுன்னு அப்புறம் தேடுங்க. நிறைய பேரு இத தலைகீழா பண்றாங்க, பாக்கவேண்டிய இடத்தையெல்லாம் முடிவு பண்ணிட்டு கடைசி நாள்ல ஒரே ஓட்டமா நாலு வீட்டுக்குப் போயி காபி குடிச்சிட்டு ஓடி வர்றாங்க, அத்தைக்கும் திருப்தி இருக்காது நமக்கும் இருக்காது. அத்தை வீட்ல ரெண்டு ராத்திரி தங்குனா அதுவே பேஸ் கேம்ப், லாட்ஜ் செலவு மிச்சம், பைக் கிடைக்கும், வழி தெரிஞ்ச ஆள் கூட வருவாங்க, இதவிட என்ன வேணும்.

நான் புதுக்கோட்டைய வச்சே சொல்றேன், ஏன்னா இந்த மாதிரி பயணத்துக்கு அதவிட நல்ல ஊர் தமிழ்நாட்டுல எனக்குத் தெரியல. திருச்சி, புதுக்கோட்டை, மணப்பாறை, கீரனூர்னு இந்த வட்டத்துல உங்களுக்கு ஒரு சொந்தக்கார வீடு இருந்தா போதும், நார்த்தாமலை, கொடும்பாளூர், சித்தன்னவாசல், குடுமியான்மலைன்னு பழைய கோயில் இருக்குற நாலு ஊரும் எட்டுற தூரம்தான்.

போன் பண்ணும்போது ஒண்ண கவனிங்க. "வர்றோம்"னு மட்டும் சொல்லாதீங்க. எத்தன பேரு, எந்த வேளை சாப்பாடு, ராத்திரி தங்குறோமா இல்லையா, மூணையும் தெளிவா சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி அவங்க மூணு வேளைக்கும் சமைச்சு வச்சிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரே ஊர்ல ரெண்டு பங்காளி வீடு இருந்தா ஒரு வீட்ல தங்கிட்டு இன்னொரு வீட்ட விட்டுட்டு வந்துறாதீங்க, அந்த வருத்தம் அடுத்த கல்யாணப் பத்திரிகை வைக்கிற வரைக்கும் போகும். ஒரு வீட்ல தங்கல், இன்னொரு வீட்ல மத்தியானச் சாப்பாடுன்னு பிரிச்சிட்டா யாருக்கும் குறை இல்ல. கடைசியா நீங்க ஊருக்குப் போனதுக்கப்புறம் எந்த வீட்லயாவது பெரிய காரியம், அதாவது சாவு, நடந்திருந்தா அங்கதான் முதல்ல போகணும், பழம் பூ ஸ்வீட் எதுவும் வாங்காம வெறுங்கையோட போயி உக்காந்து கேட்டுட்டு வரணும். அன்னிக்கு பூஜை நடக்குற கோயிலுக்குப் போற ப்ளான் போடாதீங்க. பூஜை இல்லாத இடிஞ்ச கோயிலுக்குப் போலாமாங்கறத வீட்டுக்கு வீடு வேற மாதிரி சொல்வாங்க, பெரியவங்கள கேட்டுக்கிட்டா போதும்.

நேரம்தான் இதுல பெரிய விஷயம். வழிபாட்டுல இருக்குற கோயிலெல்லாம் மத்தியானம் நடை சாத்திருவாங்க, சாயங்காலம் நாலு மணி வாக்குலதான் திறப்பாங்க. தொல்லியல் துறை கையில இருக்குற சிதைஞ்ச கோயில்கள் பெரும்பாலும் பகல் பூரா திறந்திருக்கும், ஆனா இருட்டுறதுக்கு முன்னாடி கேட்ட பூட்டிருவாங்க. குடுமியான்மலை மாதிரி பூஜை நடக்குற இடத்த காலைலயே முடிச்சிரணும். பாறை ஏறுற இடமும் காலைலதான். சமதரையில இருக்குறது சாயங்காலம். பங்குனி சித்திரைல நார்த்தாமலைப் பாறைல பத்து மணிக்கு மேல கால் வைக்க முடியாது, மார்கழி தை மாசம் அருமையா இருக்கும். கோயில் வாசல்ல செருப்ப கழட்டணும்ல, அதனால பையில ஒரு ஜோடி தடிமனான சாக்ஸ் போட்டுக்கோங்க, பெரிய உதவி அது.

நார்த்தாமலை புதுக்கோட்டைலேர்ந்து திருச்சி ரோட்ல ஒரு பதினேழு கிலோமீட்டர். மேலமலைல ஏறணும், படிய விட பாறைச் சரிவுதான் அதிகம், வழியில ஒரு சுனை வரும், அதோட தண்ணிக்கு அடியில குடைஞ்ச ஒரு சிவன் சன்னதி முங்கிக் கிடக்கு. மேல போனா விஜயாலய சோழீஸ்வரம். பேரப் பாத்தா சோழ ராஜா கட்டினதுன்னு தோணும், ஆனா அங்க இருக்குற கல்வெட்டு வேற கதை சொல்லுது, சாத்தன் பூதிங்கற ஒருத்தர் கட்டினார், மழையில இடிஞ்சு போச்சு, மல்லன் விடுமன்ங்கறவர் திரும்ப எடுத்துக் கட்டினார்னு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஒரு தடவ இடிஞ்சு, ஒருத்தர் மனசு வச்சு எழுப்பிய கோயில், அதத் தெரிஞ்சுக்கிட்டுப் பாருங்க, பார்வையே மாறிரும். உள்ள கருவறை வட்டமா இருக்கும், வெளிச்சுவர் சதுரமா இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆள் சுத்தி வர்ற அளவுக்கு வழி. மேல கூரை விளிம்புல ஆடுற பொண்ணுங்க சிற்பம் இருக்கு, கழுத்து வலிச்சாலும் விடாம பாருங்க. எதிர்ல பாறைய குடைஞ்ச குகைல பன்னெண்டு விஷ்ணு, ஆள் உயரத்துக்கு வரிசையா, பாக்க ஒரே மாதிரி. பசங்கள கூட்டிட்டுப் போனா "பன்னெண்டுலயும் என்ன வித்தியாசம் கண்டுபிடி"ன்னு விட்டுருங்க, அரை மணி நேரம் சத்தம் வராது. ஏற முடியாத பெரியவங்க கீழ முத்துமாரியம்மன் கோயில்ல உக்காந்திருக்கட்டும், அவங்களுக்கு அதுதான் முக்கியம், பங்குனித் திருவிழா கூட்டத்த பத்தி சொல்ல அவங்ககிட்ட நிறைய இருக்கும்.

அங்கேர்ந்து நேரா அத்தை வீட்டுச் சாப்பாடு. "வழியில சாப்டுட்டோம்"னு மட்டும் சொல்லிறாதீங்க. சாப்ட்டுட்டு கொஞ்சம் படுங்க, வெயில் இறங்கட்டும்.

சாயங்காலம் கொடும்பாளூர், விராலிமலைக்குப் பக்கம். மூவர் கோயில் மேற்கு பாத்து இருக்கறதால சாயங்கால வெயில் முகப்புல நேரா விழும், போட்டோவுக்கும் அதுதான் நேரம். இருக்குவேளிர் வம்சத்துல வந்த பூதி விக்கிரமகேசரி கட்டினது, சோழர்களுக்கு நெருங்கிய சொந்தம் இவங்க. தன் பேர்ல ஒண்ணு, கற்றளி, வரகுணைன்னு ரெண்டு மனைவிங்க பேர்ல ரெண்டு, ஆக மூணு விமானம் (கருவறையும் அதுக்கு மேல எழும்புற கோபுரமும்) எடுத்ததா கல்வெட்டே சொல்லுது. இப்ப நிக்கிறது ரெண்டுதான், வடக்குப் பக்கத்துல இருந்ததுக்கு அடித்தளம் மட்டும் மிச்சம். எல்லாரும் நிக்கிற ரெண்ட போட்டோ எடுத்துட்டு கிளம்பிடறாங்க, நீங்க அந்த மூணாவது இடத்துல பத்து நிமிஷம் செலவழிங்க. மேல எதுவும் இல்லாததால கீழ கல்ல எப்படி அடுக்கிருக்காங்க, கருவறை எவ்ளோ அகலம், வாசல் எங்க வரும்னு எல்லாமே ஒரு வீட்டுப் ப்ளான் மாதிரி தரையில தெரியும். அத மனசுல வாங்கிட்டு திரும்பி பக்கத்துல நிக்கிற விமானத்த அடியிலேர்ந்து மேல வரைக்கும் பாருங்க, யாளி வரிசை, அதுக்கு மேல சுவர், கூரைக்கு கீழ குட்டிக் குட்டி பூதகணங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சேட்டை பண்ணிட்டு இருக்கும். மாடத்துல அர்த்தநாரி இருக்கார், கண்டிப்பா நின்னு பாருங்க. சுத்தி சின்னச் சின்ன சன்னதிகளோட அடித்தளம் புல்தரைல வரிசையா கிடக்கும். கொஞ்சம் தள்ளி ஐவர் கோயில்னு இன்னொண்ணு, அதுல அடித்தளம் மட்டும்தான் மிச்சம், வந்தது வந்தாச்சு, அதையும் பாத்துட்டு வந்துருங்க.

இது சமதரைங்கறதால முட்டி வலி இருக்குற தாத்தா பாட்டிய தாராளமா கூட்டிட்டு வரலாம். இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்ததே, சொந்தக்காரங்கள வீட்ல விட்டுட்டு நீங்க மட்டும் போகாதீங்க. பத்து கிலோமீட்டர் தள்ளி பொறந்து வளந்து இந்தக் கோயிலுக்குள்ள ஒரு தடவ கூட போகாத மாமாக்கள் எவ்ளோ பேர் இருக்காங்க தெரியுமா, கூப்பிட ஆள் இல்ல அவ்ளோதான். கூட்டிட்டுப் போனா அவங்க வாயிலேர்ந்து வர்றது எந்த போர்டுலயும் இருக்காது, இந்தக் கொளத்துல நாங்க குளிச்சோம், இந்தக் கல்லுல மாடு கட்டுவோம், நம்ம குலதெய்வம் அந்தப் பக்கம்னு வரிசையா வரும். கேட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க, எல்லாருக்கும் வயசாகுது.

சித்தன்னவாசலுக்கு தனியா ஒரு காலை ஒதுக்குங்க. அங்க பாறைய குடைஞ்ச சமணக் கோயிலான அறிவர் கோயில் கூரையில தாமரைக்குளம் ஓவியம், மீனு, வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆளுங்கன்னு நெருக்கமா இருக்கும், நிறைய உதிர்ந்து போச்சு, கண்ணு இருட்டுக்குப் பழகுற வரைக்கும் அவசரப்படாதீங்க. ஃப்ளாஷ் போடவே கூடாது. மலை மேல ஏழடிப்பட்டம்ங்கற குகைல சமண முனிவர்களுக்காக வெட்டின கல் படுக்கைகள் இருக்கு, அந்த ஏத்தம் பெரியவங்களுக்கு வேண்டாம். எங்க போனாலும் கல்வெட்டு எழுத்து தெளிவா தெரியணும்னு பவுடர், சாக்பீஸ் தடவுறவங்கள பாத்தா தயவுசெஞ்சு தடுங்க, கல்லு கெட்டுப் போகும், பக்கவாட்டுல டார்ச் அடிச்சாலே எழுத்து எழும்பி வரும்.

அடுத்து பெங்களூர். அங்க ஒரு சித்தப்பா பையனோ ஒண்ணுவிட்ட அண்ணனோ இல்லாத தமிழ்க் குடும்பம் ரொம்பக் கம்மி, அவங்கள பாக்கப் போறப்ப ஹம்பியயும் சேத்துக்கோங்க. பெங்களூர்லேர்ந்து ஹம்பி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலைல ஹொசபேட்டை, அங்கேர்ந்து ஹம்பி பதிமூணு கிலோமீட்டர். 1565 தலைக்கோட்டை போருக்கு அப்புறம் பாழான விஜயநகரத் தலைநகரம், ஒரு நாள்ல முடியாது, ரெண்டு நாள் வேணும். விட்டலர் கோயில் கல் தேர காலைல திறந்ததும் பாத்துருங்க, அங்க எடுத்த டிக்கெட் அன்னிக்கே லோட்டஸ் மஹாலுக்கும் செல்லும், தூக்கிப் போட்டுறாதீங்க. ஹசார ராமர் கோயில் சுவர்ல ராமாயணம் வரிசை வரிசையா செதுக்கிருக்கு, பாட்டி கூட வந்தா கைடு தேவையில்ல, அவங்களே சொல்லிட்டு வருவாங்க. கூட்டம் பிடிக்காதவங்க அச்சுதராயர் கோயில் பக்கம் போங்க. விரூபாக்ஷர் கோயில்ல இன்னிக்கும் பூஜை விடாம நடக்குது, அதனால தரிசனத்த காலைலயே வச்சுக்கோங்க. சனி ஞாயிறு சுத்திட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே ட்ரெயின்ல ஏறினா திங்கக்கிழமை காலைல அண்ணன் ஆபீஸுக்குப் போயிரலாம், அதனால "லீவு இல்லடா"ன்னு அவரால சொல்ல முடியாது, டிக்கெட்ட மட்டும் முன்கூட்டியே அவருக்கும் சேத்துப் போட்டுருங்க.