தினமும் இயற்கையை வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோட்டு வாங்கிய முதல் நாளே நெல்லை குறுக்குத்துறைக் கோயில், ஆறு, கரை மரங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கப் பார்க்கிறார்கள். படம் பாதியில் நிற்கும். மறுநாள் நோட்டைத் திறக்கவே மனம் வராது. தினப் பழக்கத்துக்கு ஏ5 நோட்டு, 2பி பென்சில், 20 நிமிடம் போதும். ஒரு வாகை நெற்று, ஒரு வேப்பங்கொத்து என ஒன்றை மட்டும் எடுங்கள். அதையே நாலைந்து நாள் வரைந்தாலும் தப்பில்லை.

அடுத்தது, பார்க்காமல் வரைவது. நம்மூரில் திரும்பிய பக்கமெல்லாம் பனை. நோட்டில் மட்டும் அது தென்னையாகிவிடுகிறது. தென்னை மட்டையின் இருபுறமும் நெடுகக் கீற்று பிரியும். பனையில் மட்டை முடிகிற இடத்திலிருந்து ஓலை விசிறியாக விரியும். மட்டை ஓரக் கருக்கு கறுப்பாக, பல்லுக்குப் பல் அளவு மாறி இருக்கும். அதைச் சீராகப் போடாதீர்கள். ஓலை கழிக்காத மரத்தில் காய்ந்த காவோலை கழுத்தைச் சுற்றித் தொங்கும். அழகில்லை என்று அதை விட்டுவிடுகிறார்கள். மரத்தின் உருவமே அதில்தான் இருக்கிறது. தண்டின் வளையங்களையும் கவனியுங்கள்: கண் மட்டத்தில் நேர்கோடு, அதற்கு மேலே போகப் போக மேல்நோக்கி வளையும், கீழே கீழ்நோக்கி. எல்லாம் நேர்கோடானால் தண்டு தட்டையாகிவிடும்.

பச்சையை ட்யூபிலிருந்து அப்படியே பூசினால் வயல் பிளாஸ்டிக்காகத் தெரியும். மஞ்சளில் அல்ட்ராமரைன் நீலம் கலந்து, துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) சேருங்கள். பிசானப் பருவ நெல் நாற்றுக்கு மஞ்சள் கூட வேண்டும், வேர்பிடித்த பயிருக்கு நீலம்.

ஆடிக் காற்றில் வாட்டர்கலர் நொடியில் காய்ந்து ஓரம் கோடு கட்டும். தாளை முதலில் நனைத்துவிட்டு, உள்ளங்கை அளவுக்குள் வரையுங்கள். ஜெராக்ஸ் தாள் சுருண்டுவிடும். 300 ஜிஎஸ்எம் கனத் தாள் தாங்கும்.

செடியிலிருந்து வண்ணம் எடுக்கிறவர்கள் மஞ்சள் கிழங்கை நம்பிவிடுகிறார்கள். வெயில் பட்டால் அது வெளிறிப்போகும். தேரி எனும் செம்மணல் மேட்டு மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு, வெளிறாது. முண்டந்துறை போன்ற காப்புக்காட்டில் மண்ணோ இலையோ இறகோ எடுக்கக் கூடாது. ஊர்ப்பக்கத்து மண்ணில் ஒரு கைப்பிடி போதும். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் சிவந்த நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துவையுங்கள். இரவு முழுக்க வைத்தால் வண்டல் படியும். மணலோடு அரைத்தால் தாளில் நறநறக்கும். ஒரு பங்கு கருவேலம்பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் கரைத்து, காய்ந்த வண்டலோடு சம அளவு குழையுங்கள். பூசிக் காய்ந்தபின் விரலால் தேய்த்துப் பாருங்கள்: பொடி ஒட்டினால் பிசின் குறைவு, வெடித்தால் கூடுதல்.