புதைத்த அரிவாளைக் காந்தமானி வைத்துத் தேடுவது எப்படி?

"அரிவாளை அந்தத் தோப்புலதான் சார் புதைச்சேன்" என்று பிடிபட்டவர் சொல்லிவிடுவார். தோப்புக்குக் கூட்டிப்போனால் இருட்டில் புதைத்த இடம் அவருக்கே பிடிபடாது. இந்தத் தென்னையடியா, அந்தத் தென்னையடியா என்று குழம்புவார். ஜேசிபி வரவழைத்துப் புரட்டினால் அரிவாள் கிடைக்கலாம்தான். ஆனால் எத்தனை ஆழத்தில், எப்படிக் கிடந்தது என்ற தடயம் மண்ணோடு போய்விடும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. அவர் சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால்தான், போலீஸிடம் சொன்னதில் அதோடு சேர்ந்த பகுதி கோர்ட்டில் நிற்கும். எனவே தோண்டுவதற்கு முன் இடத்தைச் சுருக்கிக்கொள்வது நல்லது. காந்தப்புலத்தை அளந்து, அதை மாற்றும் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் காந்தமானி அதற்குத்தான்.

முதலில் வீட்டில் ஒரு சோதனை

போனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது. காந்தப்புலப் பகுதியைத் திறந்து மொத்த அளவைப் பாருங்கள். காந்தப்புலத்தை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள்; தமிழ்நாட்டில் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா, அதாவது 40,000 நானோ டெஸ்லா காட்ட வேண்டும். பூமியின் சொந்தக் காந்தப்புலம் இது. போனைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்துவிட்டு அசைக்காதீர்கள். இப்போது வீட்டு அரிவாளை ஸ்டூலுக்கு அடியில் மெல்லக் கொண்டு வாருங்கள். ஒரு முழத் தூரத்தில் எண் அசையாது. ஒரு சாண் நெருங்கினால் லேசாகத் தடுமாறும். நாலு விரல் தூரத்தில் துள்ளும்.

கணக்கு இதுதான்: தூரம் பாதியானால் விளைவு எட்டு மடங்காகும். ஒரு கிலோ இரும்பு 1 மீட்டர் தள்ளி இருந்தால் ஏறக்குறைய 10 நானோ டெஸ்லா மாற்றம். அரை மீட்டரில் 80. இரண்டு மீட்டரில் 1.25 மட்டுமே. போனுக்கு 100 நானோ டெஸ்லாகூடச் சரியாகத் தெரியாது. களத்துக் காந்தமானி 0.1 வரை பார்க்கும். அதில் ஒரு வகையான புரோட்டான் காந்தமானிக்குள் இருப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு திரவமும் சுற்றுக் கம்பியும்தான். அந்தத் திரவத்தின் புரோட்டான்கள் நம் ஊர்ப் புலத்தில் நொடிக்குச் சுமார் 1,700 முறை தலைசுற்றும். அந்த எண்ணை அளந்துதான் புலத்தைச் சொல்கிறது.

படி 1: தேடுவது இரும்புதானா?

இதைக் கேட்காமல் கருவியைத் தூக்காதீர்கள். அரிவாள், கத்தி, நாட்டுத் துப்பாக்கிக் குழல், இரும்புப் பெட்டி தெரியும். தங்கம், வெள்ளி, பித்தளைத் தோட்டா உறை, ஈயக் குண்டு, அலுமினியப் பாத்திரம் தெரியவே தெரியாது. அவற்றுக்கு மெட்டல் டிடெக்டர்தான் வேண்டும்.

படி 2: உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலான தப்பு இங்கேதான் நடக்கிறது. பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து, போன், இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூ எல்லாம் வெளியே வைக்க வேண்டும். ஒருமுறை எங்கள் பயிற்சித் திடலில் ஒரே ஒருவர் நடந்த வரிசைகள் மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் காட்டின. ஆண்கள் எல்லோரும் பாக்கெட்டைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தோம். கடைசியில் அது அந்த அக்காவின் தாலிக்கொடியில் கோத்திருந்த நாலு ஊக்குகள். கருவியைப் பிடித்தவரை நடுவில் நிற்க வைத்து, நான்கு திசைக்கும் திரும்பச் சொல்லுங்கள். ரீடிங் ஒன்றிரண்டு நானோ டெஸ்லாவுக்கு மேல் மாறினால் அவரிடம் இன்னும் ஏதோ இருக்கிறது.

போலீஸ் ஜீப் 30 மீட்டராவது தள்ளி நிற்கட்டும். பம்ப் செட், முள்கம்பி வேலி, மின்கம்பம் பக்கத்தில் இருந்தால் படத்தில் குறித்துவையுங்கள். அங்கே ரீடிங் கெடும்.

படி 3: கட்டம் போடுங்கள்

10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம். மூலைக்கு மூங்கில் முளை. இரும்புக் கம்பி அடித்துவிட்டு அதையே கண்டுபிடித்துக் குதித்தவர்கள் உண்டு. நைலான் கயிற்றை வடக்கு தெற்காகக் கட்டுங்கள். ஏன் வடக்கு தெற்கு என்பது 6ஆம் படியில் வரும். வரிசைக்கு வரிசை அரை மீட்டர், வரிசைக்குள் 25 சென்டிமீட்டருக்கு ஒரு ரீடிங். அப்படியானால் 21 வரிசை, வரிசைக்கு 41 ரீடிங், மொத்தம் 861. ஒரு ரீடிங்குக்கு மூன்று நொடி என்றால் முக்கால் மணி நேரம். சின்னக் கத்தி என்றால் வரிசையையும் 25 சென்டிமீட்டருக்கு நெருக்குங்கள்.

படி 4: வானத்தையும் கணக்கில் சேருங்கள்

பூமியின் காந்தப்புலம் நாள் முழுக்க ஏறி இறங்கும். தென் தமிழ்நாட்டில் இது ரொம்ப அதிகம். காந்த நடுக்கோடு திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கமாகப் போகிறது. அதன் மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதே இதற்காகத்தான். உச்சிவேளையில் ஏற்றம் சில நாள் 100 நானோ டெஸ்லாவையும் தாண்டும். நீங்கள் தேடும் அரிவாளின் அடையாளமோ 80. அதனால் இரண்டாவது கருவி ஒன்றைப் பேஸ் ஸ்டேஷனாக ஓரமாக நிறுத்தி, அதன் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிடுங்கள். ஒரே கருவிதான் என்றால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே முளைக்குத் திரும்பி வந்து ரீடிங் எடுங்கள். காலையில் சீக்கிரம் முடித்துவிடுவது உத்தமம்.

படி 5: நடந்து அளவெடுங்கள்

சென்சார் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில், ஆடாமல். கீழே போனால் ஒவ்வொரு துருப்பிடித்த ஆணியும் கத்தும். மேலே போனால் அரிவாளும் வாய் மூடிவிடும். அவ்வளவுதான், இதில் வித்தை ஒன்றும் இல்லை.

படி 6: ரீடிங்கில் மேட்டை அல்ல, பள்ளத்தைத் தேடுங்கள்

மேல்நாட்டுப் பாடப்புத்தகங்களில் இரும்புக்கு மேலே ரீடிங் மேடாக உயரும், வடக்கே சின்னப் பள்ளம் இருக்கும். அது இங்கிலாந்துக்குச் சரி; அங்கே பூமியின் புலம் 65 டிகிரிக்கு மேல் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. திருநெல்வேலியில் அது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. அதனால் இங்கே பொருளுக்கு நேர் மேலே ரீடிங் குறையும். வடக்கிலும் தெற்கிலும் சின்ன மேடு வரும், பள்ளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு. புத்தகத்தை நம்பி மேட்டைத் தோண்டினால், ஓர் அடி ஆழத்தில் உள்ள பொருளுக்கு இரண்டரை அடி தள்ளி வெறும் மண்ணைத்தான் அள்ளுவீர்கள். சென்னைப் பக்கம் வந்தால் தென்பக்க மேடு கொஞ்சம் உயரும், பள்ளம் லேசாக வடக்கே நகரும்.

இதிலேயே ஆழமும் கிடைக்கும். இரண்டு மேட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை 2.5 ஆல் வகுத்தால் சென்சாரிலிருந்து பொருளுக்கு எவ்வளவு தூரம் என்று வரும். மேடுகள் 1.5 மீட்டர் இடைவெளியில் இருந்தால் 60 சென்டிமீட்டர். சென்சார் உயரம் 30 போக, மண்ணுக்குள் 30, ஓர் அடி. மேடுகளைப் பார்க்க வடக்கு தெற்காக நடந்தால்தான் முடியும். கயிற்றை அப்படிக் கட்டச் சொன்னது அதனால்தான். இந்தக் கணக்கு, பொருள் பூமியின் புலத்தால் மட்டும் காந்தமானது என்று வைத்துப் போட்டது. உலையில் காய்ச்சி அடித்த அரிவாளில் சொந்தக் காந்தமும் இருக்கும், அப்போது படம் கோணும். நீளவாக்கில் கிழக்கு மேற்காகக் கிடந்தால் அடையாளம் மங்கும்.

எல்லாப் பள்ளமும் அரிவாள் அல்ல. தோப்பு மண்ணில் மாட்டு லாடம், கலப்பைக் கொழு, சோடா மூடி கணக்கில்லாமல் கிடக்கும். நன்றாகச் சுட்ட களிமண்ணும் காந்தம் காட்டும். 1958இல் இயற்பியலாளர் மார்ட்டின் எய்ட்கன் இங்கிலாந்தின் வாட்டர் நியூட்டனில் ரோமானியர் காலச் சூளைகளைப் புரோட்டான் காந்தமானியால் கண்டுபிடித்தது இதனால்தான். பழைய செங்கல் சூளை இருந்த இடமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். சேலம் கஞ்சமலை மாதிரி மலையிலேயே இரும்புத் தாது உள்ள இடம் என்றால் கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

படி 7: தோண்டுவது

ரீடிங் பள்ளங்களைப் பலம் வாரியாக வரிசைப்படுத்திக் கொடுப்பது வரைதான் நம் வேலை. தோண்டுவது விசாரணை அதிகாரி முன்னிலையில், சாட்சிகளோடு, வீடியோ பதிவோடு. நாட்டு வெடிகுண்டு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் வெடிகுண்டுப் பிரிவு வரும்வரை யாரும் கைவைக்கக் கூடாது. கடப்பாரை வேண்டாம், கொத்துக்கரண்டியால் ஐந்து ஐந்து சென்டிமீட்டராக எடுத்து, மண்ணைச் சலித்து, பொருள் தெரிந்ததும் அசைக்காமல் அளவுகோல் வைத்துப் படம்.

பொருளை எடுத்த பிறகு, குழியை மூடுவதற்கு முன், அதே வரிசையில் ஒருமுறை நடந்து பாருங்கள். ரீடிங்கில் இருந்த பள்ளம் மறைந்திருந்தால் அந்த ரீடிங்கையும் நேரத்தோடு மகஜரோடு இணைக்கக் கொடுங்கள். மறையாவிட்டால் கீழே இன்னொன்று இருக்கலாம்.