தையல் போடும்போது போர்செப்ஸ் பிடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் உள்ளகப் பயிற்சி தொடங்கும் இளம் வைத்தியருக்கு, போதனா வைத்தியசாலையானாலும் தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளானாலும், தையல் போடும் வேலை உடனேயே வந்துவிடும். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர், கத்தி வெட்டுப்பட்டவர் என்று காயங்களுக்குக் குறைவில்லை. எல்லோரும் ஊசி பிடிக்கும் கையைத்தான் கவனித்துப் பழகுகிறார்கள். இழையத்தைப் பற்றும் இடுக்கியான போர்செப்ஸைப் பிடிக்கும் மற்றக் கையை யாரும் பார்ப்பதில்லை. காயம் கெடுவது பெரும்பாலும் அந்தக் கையால்தான்.

முதல் தவறு, தோலின் விளிம்பை மேலும் கீழுமாகக் கவ்வி நசுக்குவது. நசுங்கிய இடத்தில் குருதியோட்டம் குறைந்து இழையம் இறக்கிறது. இறந்த இழையத்தில் கிருமிகள் இலகுவாகப் பெருகும். நீரிழிவு உள்ளவருக்கு இது இன்னும் ஆபத்து. காயம் பொருந்தாமல் விலகும், தழும்பும் தடிக்கும். மேற்றோலைத் தொடாமல், உட்தோலையோ அதற்குக் கீழுள்ள இழையத்தையோ மெதுவாகப் பற்றி விளிம்பை வெளிப்புறமாகத் திருப்புங்கள். ஊசி 90 பாகையில் இறங்க அதுவே வழிவிடும். போர்செப்ஸை மூடாமலே, அதன் நுனியிலுள்ள ஒரு பல்லை மட்டும் உட்தோலில் கொளுவி உயர்த்தப் பழகினால் இன்னும் நல்லது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும் என்பது என் எண்ணம்.

பல் இருந்தால் காயப்படுத்தும், பல் இல்லாதது மென்மையானது என்று பலர் நம்புகிறார்கள். தோலைப் பொறுத்தவரை அது பிழை. பல் இல்லாதது வழுக்கும். வழுக்கினால் கை தானாகவே இறுக்கும். ஒரு பக்கம் ஒரு பல்லும் மறுபக்கம் இரண்டு பல்லும் உள்ள அட்சன் போர்செப்ஸ், குறைந்த அழுத்தத்திலேயே தோலைப் பிடித்துக்கொள்ளும். குடலுக்கும் குருதிக்குழாய்க்கும் மட்டும் இந்தப் பேச்சு பொருந்தாது. அங்கே பல் துளை போட்டுவிடும், டிபேக்கி போன்ற பல் இல்லாத போர்செப்ஸைத்தான் எடுக்க வேண்டும்.

போர்செப்ஸை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடிக்காதீர்கள். பென்சில் பிடிப்பதுபோலப் பெருவிரலுக்கும் மற்ற இரு விரல்களுக்கும் இடையில் வைத்தால்தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரல் நுனிக்குத் தெரியும்.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பற்றி விடுவதும் கேடுதான். எங்கே பிடிப்பது என்று பார்த்துவிட்டு ஒரே தடவையில் பிடியுங்கள். இழையத்தை மென்மையாகக் கையாள வேண்டும் என்பது அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஹால்ஸ்டெட் வகுத்த அடிப்படை விதிகளில் ஒன்று.

வெளியே வரும் ஊசியை விரலால் இழுக்கவே கூடாது. ஒரு குத்தலில் ஹெப்படைட்டிஸ் பி தொற்றிவிடலாம். நுனியைக் கவ்வினால் ஊசி மழுங்கும், ஆகவே நுனிக்குச் சற்றுப் பின்னால் உடற்பகுதியைப் பிடியுங்கள். புரோலீன், நைலோன் போன்ற ஒற்றை இழை நூல்களை போர்செப்ஸால் நசுக்கினால் அந்த இடத்தில் நூல் பலவீனப்படும். முடிச்சுக்குள் போகப்போகும் பகுதியைத் தொடாமல் விடுங்கள்.

பயிற்சிக்கு வாழைப்பழத் தோல் போதும். கீறித் தைத்துவிட்டுச் சில மணித்தியாலம் வையுங்கள். போர்செப்ஸ் அழுத்திய இடமெல்லாம் கறுத்துக் காட்டும். கறுப்பு அடையாளங்கள் குறையும்வரை தைத்துப் பழகியபின் கோழித் தோலுக்குப் போகலாம்.