புது ரைடு எப்போது திறக்கும்: வேலை நடக்கும் இடத்தைப் பார்த்து நாள் கணிக்கும் முறை

கேளிக்கைப் பூங்கா ஒன்றில் ரோலர் கோஸ்டரின் தூண்கள் மதிலுக்கு மேலே தலைகாட்டியதும் "இன்னும் ரெண்டு மாசத்துல திறந்துடுவாங்க" என்று பேச்சு கிளம்பிவிடும். பெரும்பாலான கணிப்புகள் பிசகுவது அங்கேதான். மொத்த வேலையில் வேகமாக முடிவது எஃகு ஏற்றும் பகுதி. அதற்கு முன் மண்ணுக்குள் நடந்ததும், அதற்குப் பின் மின்சார அறைக்குள் நடக்கப்போவதும்தான் திறப்பு நாளை நிர்ணயிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டையும் எப்படிப் பின்தொடர்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. டோல்கேட்டிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ தூண்கள் எழுந்ததைத் தினமும் பார்த்தவர்களுக்கு மண்ணைத் துளைத்து கான்கிரீட் பைல் இறக்கும் பைலிங் ரிக்கையும் கம்பிக் கூட்டையும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பார்க்குகள் ஈசிஆர், ஓஎம்ஆர் பக்கம் இருந்தாலும், கப்பலில் வரும் ரைடு சாமான்கள் இறங்குவதற்கான துறைமுகங்களும் கன்டெய்னர் யார்டுகளும் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன.

முதலில் காகிதம்

புதிதாக ஒரு பார்க்கே வருகிறது என்றால் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொடும்போது 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும். திட்ட வரைபடம், தண்ணீர்த் தேவை, மின்சாரத் தேவை எல்லாம் அதில் இருக்கும். மின் தேவையைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். கடற்கரையை ஒட்டிய இடமானால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் தேவை. மாசு கட்டுப்பாட்டு வாரியம் இரண்டு இசைவுகள் தரும்: நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று. முதலாவது வந்தால் வேலை தொடங்கலாம் என்று பொருள். இரண்டாவதற்கு விண்ணப்பித்தால் வேலை முடியப்போகிறது என்று பொருள். இந்த இரண்டைக் குழப்பிக்கொண்டு ஒரு வருடம் தவறுகிறவர்கள் நிறைய பேர்.

காகிதம் வந்ததை வைத்து மட்டும் கடிகாரத்தை ஓட விடாதீர்கள். திருப்போரூர் அருகே இள்ளலூரில் உள்ள வொண்டர்லா சென்னைக்கு நிலம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், வரிச் சிக்கலால் திட்டம் நகரவில்லை. வரி விலக்கு கிடைத்த பிறகே வேகம் பிடித்து, 2025 டிசம்பரில் திறந்தது. அறிவிப்பு நாளிலிருந்து எண்ணியவர்கள் எல்லோரும் தவறினார்கள். அடித்தள வேலை தொடங்கிய நாளிலிருந்து எண்ணியவர்கள் ஓரளவு கிட்டே வந்தார்கள்.

வெளிநாட்டுப் பார்க்குகளைப் பின்தொடர்கிறவர்களுக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் நல்ல பயிற்சிக் களம். அங்கே வேலை தொடங்கும் முன் உரிமையாளர் மாவட்டப் பதிவேட்டில் 'வேலை தொடக்க அறிவிப்பு' பதிய வேண்டும். ஆர்லாண்டோ பார்க்குகளுக்கு அது ஆரஞ்ச் மாவட்டப் பதிவேடு. வேறு தேதி குறிக்காவிட்டால் அந்த அறிவிப்பு ஒரு வருடம் செல்லும். அந்தக் காலாவதித் தேதியைத் திறப்புத் தேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பந்ததாரர் யார், என்ன வகை வேலை என்பதை மட்டும் அதிலிருந்து எடுங்கள்.

பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமானால் ஆண்டறிக்கையைத் திறந்து 'நடைபெறும் மூலதனப் பணி' என்ற தலைப்பைத் தேடுங்கள். அந்தத் தொகை எத்தனை வருடமாக நிலுவையில் இருக்கிறது என்பதை ஒரு வருடத்துக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று பிரித்துக் காட்டுவது இப்போது கட்டாயம். கெடு தாண்டிய திட்டங்களைத் தனியாகவும் காட்ட வேண்டும். அடுத்து வரும் கணக்கில் அந்தத் தொகை சட்டென்று குறைந்து நிலையான சொத்துக் கணக்கில் ஏறினால், ரைடு ஓடத் தயார்.

துறைமுகத்தில் எதைக் கவனிப்பது

கேளிக்கைப் பூங்கா ரைடுகளுக்கான சுங்கக் குறியீடு 9508. 2022 திருத்தத்துக்குப் பிறகு ரோலர் கோஸ்டருக்கு 950821, தண்ணீர் ரைடுகளுக்கு 950825, வாட்டர் பார்க் சாதனங்களுக்கு 950826. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் தரவு வங்கியில் குறியீட்டைத் தட்டினால், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு மதிப்புக்கு இறக்குமதி என்று மாதவாரியாக வரும். நிறுவனத்தின் பெயர் வராது. நாட்டை வைத்து உற்பத்தியாளரை ஊகிக்கலாம்: வெகோமா நெதர்லாந்து, சாம்பெர்லா இத்தாலி, மாக் ஜெர்மனி. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. போலிகர் அண்ட் மாபியார்ட் சுவிட்சர்லாந்து நிறுவனம் என்றாலும், அதன் ட்ராக்குகள் பெரும்பாலும் அமெரிக்காவின் ஒஹையோவில் தயாராகின்றன. சுவிட்சர்லாந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சரக்கு வந்ததே தெரியாது.

சாமான் வரும் வரிசையும் ஒரு தகவல்தான். முதலில் தூண்கள், அடுத்து ட்ராக், கடைசியில் ரயில் பெட்டிகளும் கன்ட்ரோல் பேனல்களும். வளைந்த ட்ராக் துண்டுகள் மூடிய பெட்டிக்குள் அடங்காது; திறந்த கன்டெய்னரிலோ பக்கச் சுவர் இல்லாத ஃப்ளாட் ரேக்கிலோ வரும். காட்டுப்பள்ளியிலோ எண்ணூரிலோ இறங்கினால், மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரையிலான 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வழியாக ட்ரெய்லர் தெற்கே போக வசதி. பெயின்ட் அடித்த பெரிய குழாய்களின் முனையில் வட்ட விளிம்புத் தட்டும் (ஃபிளேஞ்ச்) போல்ட் ஓட்டைகளும் இருந்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருந்தால் அது ரைடு தூணாக இருக்க வாய்ப்பு அதிகம். ட்ராக் துண்டானால் இரண்டு இணைத் தண்டவாளக் குழாய்கள் இருக்கும்; மணலிக்குப் போகும் ரிஃபைனரி குழாயில் அவை இருக்காது.

2023 கடைசியிலிருந்து செங்கடல் சிக்கலால் ஐரோப்பாவிலிருந்து வரும் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. இரண்டு வாரம் வரை கூடுதலாகப் பிடித்தது. உங்கள் கணக்கில் கடல் பயணத்துக்கு எப்போதும் அந்த இடைவெளியை விடுங்கள்.

மண்ணுக்குள் நடப்பது

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோஸ்டரின் ஒவ்வொரு தூணுக்கும் கீழே ஒரு கான்கிரீட் அடித்தளம். மண் பலவீனமான இடங்களில் அதற்கும் கீழே பைல். பைல் போட்டதும் தலையை உடைத்து, கம்பி கட்டி, பைல்களின் மேல் மூடிபோல உட்காரும் பைல் கேப் வார்த்து, அதில் தூணைப் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுகளைப் பதிக்க வேண்டும். கான்கிரீட்டின் முழு வலு 28ஆம் நாள் மாதிரிக் கட்டியை நசுக்கிப் பார்க்கும் கியூப் சோதனையில்தான் உறுதியாகிறது. 7ஆம் நாள் முடிவை வைத்து அடுத்த வேலைக்கு நகரலாமே தவிர, கனமான தூணை ஏற்ற மாட்டார்கள்.

பெரும்பாலான அடித்தளத் தாமதத்துக்கு ஆங்கர் போல்ட்தான் காரணம். வார்க்கும்போது போல்ட்டுகளை இடத்தில் பிடிக்கும் டெம்ப்ளேட் தட்டு சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தூணின் அடித்தட்டு உட்காராது. பிறகு துளையிட்டு ரசாயனப் பிடிப்பில் மாற்று போல்ட் வைப்பதா, கேப்பையே உடைத்து மறுபடி வார்ப்பதா என்று உற்பத்தியாளரின் பொறியாளர் எழுத்தில் சொல்லும்வரை அந்தப் பகுதி நிற்கும். வேலை நடந்துகொண்டிருந்த மூலையில் திடீரென்று ஆள் நடமாட்டம் இல்லாமல், வேறு மூலையில் மட்டும் நடந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், பொதுச் சாலையிலிருந்து படம் எடுத்து முடிந்த அடித்தளங்களை எண்ணுங்கள். மொத்தம் 80, வாரத்துக்கு 8 என்றால் பத்து வாரம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடைசி 20 சதவீதம் மெதுவாகத்தான் போகும். பழைய குழாய், கேபிள், மரம், ஏற்கெனவே ஓடும் ரைடு எல்லாம் அங்கேதான் குறுக்கிடும். அந்த 16 அடித்தளங்களுக்கு வேகத்தைப் பாதியாக்குங்கள்: 64க்கு எட்டு வாரம், மீதிக்கு நான்கு வாரம், ஆக பன்னிரண்டு.

நேரில் போக முடியாதபோது சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு புள்ளிக்கு 10 மீட்டர். தனித் தூண் தெரியாது. ஆனால் மண் வெட்டிய பரப்பு, புதுப் பாதை, கூரை போட்ட நாள் தெளிவாகத் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் மறைத்துவிடும். ட்ரோன் பறக்கவிடும் முன், எங்கே பறக்கலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த மண்டலத்தின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள். மதில் ஏறுவது, ஆட்களை நச்சரித்துப் படம் கேட்பது இரண்டும் வேண்டாம். அங்கே வேலை செய்கிறவரின் வேலைதான் போகும்.

வடகிழக்குப் பருவமழையைத் தனி வரியாகவே எழுதுங்கள். ஆகஸ்டுக்குள் குழி மூடியிருந்தால் பிரச்சினை இல்லை. அக்டோபரில் குழிகள் திறந்திருந்தால் நான்கிலிருந்து எட்டு வாரம் கூட்டுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது போல ஒரு புயல் வந்தால், தண்ணீர் வடிந்த பிறகும் சேறு அள்ளி, துருப்பிடித்த கம்பியைத் துலக்கி, அளவை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

எஃகு ஏறிய பிறகு

நடுத்தர கோஸ்டரின் தூணும் ட்ராக்கும் இரண்டு முதல் நான்கு மாதத்தில் ஏறிவிடும். காற்று அதிகமானால் கிரேன் நிற்கும், அவ்வளவுதான். கடைசி ட்ராக் துண்டு பொருந்திய நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, அங்கிருந்து பொறுமையாக இருங்கள்.

அடுத்து கேபிள் இழுத்தல், சென்சார், பிரேக், கன்ட்ரோல் நிரல். உயர் மின்னழுத்த இணைப்புக்கு அரசு மின் ஆய்வாளரின் பாதுகாப்புச் சான்று வேண்டும். விண்ணப்பத்தில் பார்த்த மின் தேவைக்கு ஏற்ற ட்ரான்ஸ்ஃபார்மர் இன்னும் வந்து உட்காரவில்லை என்றால் சோதனை ஓட்டம் பற்றிப் பேசவே வேண்டாம். பிறகு பெட்டியைக் கயிற்றில் இழுத்து இடைவெளி சோதிப்பார்கள். அடுத்து காலிப் பெட்டி, அதன் பின் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளோடு நூற்றுக்கணக்கான சுற்று. பொம்மைகள் உட்கார்ந்து சுற்றுவதைப் பார்த்தால் பொதுவாக நான்கிலிருந்து எட்டு வாரம் மீதி.

இந்தக் கட்டத்தில் நேரும் தவறு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஒஹையோவின் சீடர் பாயின்ட் பார்க்கில் டாப் த்ரில் 2 சாட்சி. 2024 மே 4 திறந்தது, ஒரு வாரம் கழித்து பெட்டிகளில் குறை என்று மூடியது, 2025இல்தான் திரும்ப ஓடியது. கட்டுமானம் எதிலும் பாக்கி இல்லை.

கட்டடத்துக்குள் ஓடும் ரைடுகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. கூரையும் சுவரும் முடிந்தால் பாதி வேலைகூட முடிந்ததாக எண்ண வேண்டாம். செட், ஒளி, ஒலி, அசையும் பொம்மைகள், அவற்றின் நிரல் என்று உள்ளே ஒரு வருடம் பிடிப்பது சாதாரணம். வால்ட் டிஸ்னி வேர்ல்டின் ட்ரான் ரைடு 2016லேயே ஷாங்காயில் ஓடிய வடிவம்தான். இருந்தும் 2017இல் அறிவித்து 2023 ஏப்ரலில்தான் திறக்க முடிந்தது. இடையில் கொரோனா நிறுத்தமும் சேர்ந்துகொண்டது.

கணக்குப் போடும் விதம்

ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண் எழுதுங்கள்: எல்லாம் ஒத்துவந்தால், வழக்கமாக, மோசமாகப் போனால். வழக்கமானதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுங்கள். அடித்தளம் 3, 4, 7 மாதம் என்றால் 4.3. எஃகு 2, 3, 5 என்றால் 3.2. மின்வேலையும் சோதனையும் 2, 3, 6 என்றால் 3.3. சான்றிதழும் ஆள் பயிற்சியும் 1, 1.5, 3 என்றால் 1.7. மொத்தம் பன்னிரண்டரை மாதம். பிப்ரவரி முதல் தேதி பைலிங் தொடங்கியிருந்தால் அடுத்த பிப்ரவரி நடுவில் ரைடு தயார். மழைக்கு முன் அடித்தளம் முடிந்துவிடுவதால் கூட்டல் வேண்டாம். அதே வேலை ஆகஸ்டில் தொடங்கினால் பருவமழை நேராக அடித்தளத்தின் மேல் விழும். இரண்டு மாதம் கூட்டுங்கள்.

தயாராகும் நாளும் திறக்கும் நாளும் ஒன்றல்ல. பொங்கல், ஏப்ரல் மே விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி, அரையாண்டு விடுமுறை என்று கூட்டம் வரும் நாட்களுக்குச் சற்று முன்னால்தான் பார்க்குகள் நாள் குறிக்கும். பிப்ரவரியில் தயாரானால் ஏப்ரலில் எதிர்பாருங்கள். மே கடைசியில் தயாராகிற மாதிரி கணக்கு வந்தால், அவசர அவசரமாகக் கோடைக்குள் திறப்பார்கள், அல்லது ஆயுத பூஜைவரை தள்ளுவார்கள். இடைப்பட்ட ஜூலை அபூர்வம்.

கணிப்பை வெளியே சொல்லும்போது ஒற்றைத் தேதி சொல்லாமல் "மார்ச் முதல் மே வரை, பெரும்பாலும் ஏப்ரல்" என்று சொல்லுங்கள். எந்த அடையாளத்தை எந்த நாளில் பார்த்துச் சொன்னீர்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள். ரைடு ஆபரேட்டர் வேலைக்கு விளம்பரம் வந்தால் வீச்சை இரண்டு மாதமாகச் சுருக்கலாம். டிக்கெட் பக்கத்தில் ரைடின் பெயரும் உயர வரம்பும் ஏறிவிட்டால் வாரக்கணக்கில் பேசலாம். ஊழியர்களின் குடும்பத்தாரை அழைத்து ஓட்டிக்காட்டும் நாள் வந்துவிட்டால், பொதுமக்களுக்கான முதல் நாளுக்கு லீவு எழுதிக்கொடுக்கலாம்.