நகல் கோப்புகளை நீக்குமுன்: நடுகல் தேடி அலைபவனின் குறிப்பு

என் கணினியில் ‘மொரப்பூர்’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பெயரை விண்டோஸ் இரண்டு முறை வைக்க விடாது என்று எனக்குத் தெரியும். பேரன்தான் முடிச்சை அவிழ்த்தான். ‘மொ’வில் உள்ள ‘ொ’வை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

நகல்கள் எப்படிச் சேர்ந்தன என்பதற்கு ஒரு பெரிய கதை இல்லை. ஓய்வுபெற்ற பிறகு அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கம் நடுகற்களைப் படமெடுக்கத் தொடங்கினேன். ஊருக்குத் திரும்பியதும் கேமரா கார்டைக் கணினியில் ஏற்றுவேன். ஏற்றியது நினைவில்லாமல் மறுநாளும் ஏற்றுவேன். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதால் இன்னொரு குழப்பம். பழைய பட்டியலைப் பார்க்கும் நாளில் ஊத்தங்கரைப் படங்கள் ‘தருமபுரி’க்குள் போகும், புதியதைப் பார்த்தால் ‘கிருஷ்ணகிரி’க்குள். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் நிரம்பிய பிறகுதான் விழித்தேன்.

முதலில் ஒன்றைச் செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றாமல் விட்டால், நகல் தேடும் மென்பொருள் அந்தப் பாதுகாப்புப் பிரதியையும் ‘நகல்’ என்றே காட்டும். அதைப் பொறுத்தவரை அது சரியும்கூட.

பெயரைப் பார்த்து நீக்கக் கூடாது. பல கேமராக்களில் எண் 9999 வந்ததும் மறுபடியும் 0001-இல் தொடங்கும். ஆகவே 0412 என்ற எண்ணில் பென்னாகரத்து வீரன் ஒருவனும் அரூர் வேடியப்பன் (இந்தப் பக்கத்தில் நடுகல்லைச் சாமியாகக் கும்பிடும் பெயர்) ஒருவரும் என்னிடம் இருக்கிறார்கள். உள்ளடக்கத்தைத்தான் ஒப்பிட வேண்டும். நல்ல மென்பொருள் முதலில் அளவு ஒன்றாக உள்ள கோப்புகளைப் பிரிக்கும். பிறகு ஒவ்வொன்றின் உள்ளடக்கத்திலிருந்தும் ‘ஹேஷ்’ என்ற அடையாள எண்ணைக் கணக்கிடும். ஒரே ஒரு பைட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். எண்கள் பொருந்தினால், பெயர் என்னவாக இருந்தாலும் இரண்டும் ஒரே கோப்பு என்று நம்பலாம்.

நான் பயன்படுத்துவது டூப்குரு. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தேடும் முறையில் ‘கன்டென்ட்ஸ்’ (உள்ளடக்கம்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேட வேண்டிய கோப்புறைகளைச் சேர்க்கும்போது, நீங்கள் ஒழுங்காக வைத்திருக்கும் கோப்புறையின் நிலையை ‘ரெஃபரன்ஸ்’ என்று மாற்றிவிடுங்கள். அதற்குள் இருப்பதை அது நீக்கவே விடாது. வெளியே சிதறிக் கிடப்பவை மட்டுமே பட்டியலில் குறியிட வரும். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைகளைச் சேர்க்கவே வேண்டாம். அங்கே ஒரே மாதிரிக் கோப்புகள் காரணத்தோடுதான் இருக்கின்றன.

அதே மென்பொருளில் ‘பிக்சர்’ முறை என்று ஒன்று உண்டு. அதில்தான் நான் சூடு கண்டேன். பைட்டுக்குப் பைட் ஒன்றாக இல்லாவிட்டாலும், பார்வைக்கு ஒத்திருக்கும் படங்களை அது சேர்த்துக் காட்டும். அரூர்ப் பக்கத்து நடுகல் ஒன்றை நண்பகலிலும் மாலையிலும் ஒரே இடத்தில் நின்று எடுத்திருந்தேன். நண்பகல் படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் கல்லில் பொறித்த வட்டெழுத்து என்ற பழைய எழுத்து ஒன்றும் தெரியாது. தேய்ந்த எழுத்தைப் படிக்கப் பக்கவாட்டில் விழும் சாய்ந்த வெயில் வேண்டும்; பள்ளத்தில் நிழல் தங்கினால்தான் கோடு கோடாகத் தெரியும். மென்பொருள் இரண்டையும் ஒரே படம் என்றது. பளிச்சென்று இருந்ததை வைத்துக்கொண்டு, மங்கலாக இருந்த மாலைப் படங்களை நீக்கினேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மறுபடியும் போனபோது கல்லுக்கு எண்ணெய் வார்த்து, பெயின்ட் பூசி, மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். கும்பிடுபவர்களை நான் எப்படிக் குறை சொல்வது? அவர்களுக்கு அது சாமி. என்னிடம் இப்போது இருப்பது படிக்க முடியாத ஒரு நல்ல படம்.

ஆகவே ‘பிக்சர்’ முறையைப் பார்க்க மட்டும் பயன்படுத்துகிறேன். வாட்ஸ்அப்பில் திரும்பி வந்த படங்களைக் கண்டுபிடிக்க அது உதவும். வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கி, எடுத்த இடம் முதலான விவரங்களையும் நீக்கிவிடுவதால், ஹேஷ் அவற்றைப் பிடிக்காது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, மூலப்படம் கையில் இருப்பது உறுதியானால்தான் சுருங்கிய பிரதியைத் தொடுவேன்.

தேடி முடித்ததும் நீக்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். குறியிட்டவற்றை வேறு இடத்துக்கு நகர்த்தும் வசதி டூப்குருவிலேயே இருக்கிறது. நான் ‘பரண்’ என்று ஒரு கோப்புறை வைத்து எல்லாவற்றையும் அதில் ஏற்றுகிறேன். பழைய கோப்புறைப் பாதையோடு நகர்த்தச் சொன்னால் திரும்ப எடுப்பது எளிது. ஒரு மாதம் யாரும் எதையும் தேடவில்லை என்றால் பரணைக் காலி செய்யலாம். பென் டிரைவில் நீக்கியது பொதுவாகக் குப்பைத் தொட்டிக்கு வராது, நேராகப் போய்விடும். கூகுள் டிரைவுடன் இணைந்த கோப்புறை என்றால் இங்கே நீக்கியது கைபேசியிலும் மறையும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும்.

இரண்டு மொரப்பூர்களில் ஒன்றை அப்படியே பரணுக்கு அனுப்பப் பார்த்தேன். நல்ல வேளையாக முதலில் உள்ளடக்கத் தேடலை ஓட்டினேன். மற்றதில் இல்லாத பதினொரு படங்கள் அதில் இருந்தன. அவற்றில் நான்கு மாலை வெயிலில் எடுத்தவை.