ரூபாயா, டாலரா என்று மெஷின் கேட்டால்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். மிளகாய் மூட்டைக்கு விலை ஒன்று. பில்லின் அடியில் ஏற்றுகூலி, இறக்குகூலி, மகமை என்று வந்து உட்காருவது வேறு. அடியில் இருப்பதைப் படிக்காதவன் வியாபாரம் செய்யக்கூடாது என்று முதலாளி சொல்வார். சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்க நானும் மனைவியும் 12 நாள் போனபோது, கிரெடிட் கார்டு விஷயத்தில் அந்த அடிப்பகுதியை நானே படிக்காமல் விட்டேன். நீங்களாவது படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் ஒரு சிறு வேலை. பெருங்குடி விமான நிலையத்தில் விமானம் ஏறுவதற்கு முன்பே வங்கியின் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2020 மார்ச் 16 முதல் புதிதாகத் தரப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுக்கு நாமேதான் திறக்க வேண்டும். திறக்கும்போதே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் வைத்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் மூடிவிடுங்கள். வெளிநாட்டு இணையத்தளங்கள் பல, ஓடிபி கேட்காமலேயே பணத்தை எடுத்துக்கொள்ளும்.

இனி செலவு. வெளிநாட்டில் நீங்கள் டாலரில் வாங்கும் பொருளை, கார்டில் பெயர் போட்டிருக்கும் விசா நிறுவனமோ மாஸ்டர்கார்டோ தன்னுடைய அன்றைய வீதத்தில் ரூபாயாக மாற்றுகிறது. இந்த வீதத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. அதன் மேல் நம் வங்கி போடும் தரகுக்குத்தான் மார்க்அப் என்று பெயர். பல கார்டுகளில் இது 3.5 சதவீதம். இந்தத் தரகுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஆக நூற்றுக்கு 3.50 அல்ல, 4.13. கார்டு வாங்கும்போது ‘மூன்றரைதான் சார்’ என்றுதான் சொல்வார்கள். அந்த 63 காசை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

நான் ஏமாந்தது அதில் அல்ல. ஊர் திரும்புவதற்கு முதல் நாள் ஒரு பெரிய கடையில் பெட்டி, சாக்லேட், தைலம் எல்லாம் சேர்த்து 240 டாலருக்கு வாங்கினோம். பில் போட்ட பெண் கார்டைச் செருகிவிட்டு மெஷினை என் பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் சிங்கப்பூர் டாலரில் 240; மற்றொன்றில் ரூபாயில் 16,128. பன்னிரண்டு நாளாக டாலரை 64-ஆல் பெருக்கிப் பெருக்கிச் சலித்திருந்த எனக்கு, ரூபாயைக் கண்டதும் சொந்த ஊர்க்காரரைக் கண்டதுபோல் இருந்தது. அதையே தொட்டுவிட்டேன். மகன் பின்னால் நின்று, ‘அப்பா, டாலரைத் தொடுங்கள்’ என்று சொல்லி முடிப்பதற்குள் ரசீது வெளியே வந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். டாலர் 64 ரூபாய் என்றால் 240 டாலர் 15,360 ரூபாய். டாலரிலேயே கொடுத்திருந்தால் மார்க்அப் 537.60, அதன் ஜிஎஸ்டி 96.77, மொத்தம் 15,994.37. நான் தொட்ட கட்டத்தில் கடையின் மெஷின் தன் இஷ்டத்துக்கு டாலரை 67.20 என்று மாற்றியிருந்தது. சரி, ரூபாயில்தானே கொடுத்தோம், வங்கித் தரகாவது மிச்சம் என்று நினைத்தால், அதுவும் இல்லை. வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கொடுத்தாலும் என் வங்கி 1 சதவீதம் எடுத்தது: 161.28, ஜிஎஸ்டி 29.03. மொத்தம் 16,318.31. ஒரு விரல் தொட்டதற்கு 324 ரூபாய். விளக்குத்தூண் பக்கம் நான்கு பேர் நிம்மதியாக ஜிகர்தண்டா குடித்திருக்கலாம். வெளிநாட்டில் ரூபாயில் கொடுத்தாலும் முழு மார்க்அப்பையே போடும் வங்கிகளும் உண்டு.

எனவே எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்தையே தொடுங்கள். சில இடங்களில் நம்மைக் கேட்காமல் கடைக்காரரே ரூபாயை அழுத்திவிடுவார். ரசீதில் ரூபாய் தெரிந்தால் அங்கேயே நின்று, இதை ரத்து செய்துவிட்டு டாலரில் போடுங்கள் என்று கேளுங்கள். எதில் செலுத்துவது என்று முடிவு செய்யும் உரிமை கார்டுக்காரருக்குத்தான். வெளியே வந்துவிட்டால் கதை முடிந்தது. மதுரையில் வீட்டில் உட்கார்ந்தபடி வெளிநாட்டு ஹோட்டலை இணையத்தில் பதிவு செய்யும்போதும் இதே வலை உண்டு: விலை ரூபாயில் தெரியும், பணத்தை வாங்குவது வெளிநாட்டு நிறுவனமாக இருக்கும்.

கிரெடிட் கார்டைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பதை மட்டும் கனவிலும் செய்யாதீர்கள். எங்களோடு வந்த ஒருவர் கைச்செலவுக்கு 50 டாலர் எடுத்தார், அதாவது 3,200 ரூபாய். அவர் கார்டில் இதற்குக் குறைந்தபட்சக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90, மார்க்அப் வரியோடு 132. எடுத்த 3,200-க்கு 722 ரூபாய் கூலி. போதாதென்று எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் இதற்குக் கிடையாது. கந்துவட்டிக்காரர்கூட முதல் நாளே இவ்வளவு பிடிக்கமாட்டார்.

கைக்குக் கொஞ்சம் நோட்டு வேண்டும் என்றால், ஊரிலேயே உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையங்கள் இரண்டு மூன்றில் விற்பனை வீதம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். விமான நிலையத்தில் மாற்றுவதாக இருந்தால் அவசரத்துக்கு மட்டும். ரொக்கமாக 50,000 ரூபாய்க்குக் குறைவாகத்தான் வாங்குவார்கள். மேலே போனால் வங்கி வழியாகக் கட்ட வேண்டும்.

சிங்கப்பூரில் பஸ்ஸிலும் ரயிலிலும் நம் கார்டைத் தட்டிவிட்டு ஏறலாம். வசதிதான். ஆனால் வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டுக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 காசு, அதாவது 0.60 டாலர், தனிக் கட்டணம். 12 நாளுக்கு 7.20 டாலர், ஆளுக்கு. இரண்டாம் நாளே அங்கு விற்கும் ஈஸி-லிங்க் பயண அட்டைக்கு மாறிவிட்டோம்.

கார்டுச் செலவுக்கு வருமான வரித்துறை 20 சதவீதம் பிடிக்கும் என்று இன்னமும் டீக்கடையில் பேசுகிறார்கள். 2023 மே மாதம் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது உண்மை. அதே ஆண்டு ஜூன் இறுதியில் அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவுக்கு அந்தப் பிடித்தம் இல்லை.

மார்க்அப்பே இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. இரண்டு லட்சம் செலவு செய்பவருக்கு 4.13 சதவீதம் என்பது 8,260 ரூபாய். ஆண்டுக் கட்டணம் அதைவிடக் குறைவு என்றால் வாங்கலாம். என்னைப் போல எப்போதோ ஒருமுறை போகிறவர்களுக்கு வேண்டாம்.

திரும்பி வந்ததும் ஸ்டேட்மென்டை ஒரு பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். மார்க்அப், வாங்கிய பொருள் இருக்கும் அதே வரிசையில் இருக்காது. தனி வரிசையாக, சில நாள் தள்ளிக்கூட வரும். ஜிஎஸ்டி இன்னொரு வரிசை. திருப்பிக் கொடுத்த பொருள் இருந்தால் அதையும் பாருங்கள். என் மனைவி 60 டாலருக்கு ஒரு செருப்பு எடுத்து, கடிக்கிறது என்று மறுநாளே திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரர் முழு 60 டாலரையும் மறுபேச்சில்லாமல் கார்டுக்கே அனுப்பினார். ஆனால் திரும்பி வந்த அன்று வீதம் 63.50, அதில் 30 ரூபாய் போனது. வங்கி எடுத்த மார்க்அப்பும் வரியுமான 158.59 திரும்பவே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு முறை போன் செய்தேன். விதி அப்படித்தான் என்றார்கள். நோட்டில் ‘செருப்பு (இல்லை) – 188.59’ என்று பற்று எழுதிவைத்திருக்கிறேன்.